சும்மா கிடக்கிற ஆறு லட்சம்

“வாடகையா குடுக்கிற, வாஷர் மாத்திக் குடுக்க?”

லலிதாம்பாள் அக்கா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கீழ்வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். எங்கள் மாடி வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு வாரமாகச் சொட்டுகிறது என்று சொல்லத்தான் நான் இறங்கி வந்திருந்தேன். ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மறுபடி படியேறினேன். ஆரப்பாளையம் மருந்துக்கடையில் நான் பில் போடும்போது, தள்ளுபடி போதாது என்று சண்டை பிடிப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு.

ஆனையூரில் அக்காவுக்குச் சொந்தமான அந்த மாடி வீட்டில் நாங்கள் ஒத்திக்கு இருந்தோம். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். பேசிய காலம் முடியும்வரை வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை, கூடாமல் குறையாமல், கைக்கு வந்துவிடும். நாங்கள் கொடுத்தது ஆறு லட்சம், மூன்று வருஷத்துக்கு. உசிலம்பட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதில் என் பங்காக வந்த பணம் அது. அதற்கு முன்னால் என் பெயரில் ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை.

மூன்று வருஷம் அந்தப் பங்குனியோடு முடிய இருந்தது. அதற்குப் பிறகு வீடு இருக்குமா, பணம் என் பணமாகவே இருக்குமா என்று எனக்குப் பயம். பயம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. முதலில் என் வீட்டுக்காரரிடமிருந்து.

அவர் பெயர் அழகுராஜா. பெயிண்ட் கடையில் விற்பனையாளர். கூட வேலை பார்க்கும் முத்திருளன் எது சொன்னாலும் அதைச் சாப்பாட்டுத் தட்டுவரை கொண்டுவந்து விடுவார்.

“ஆறு லட்சத்தைப் போட்டு, மூணு வருஷம் கழிச்சு அதே ஆறு லட்சத்தை வாங்கிட்டு வாரதுக்கு என்ன பேரு மீனா? முத்திருளன் கேட்டுட்டு அப்பிடிச் சிரிக்கிறான். ஒரு பைசா லாபம் இல்லியாம்.”

“அவரு என்ன செய்யச் சொல்றாரு?”

“திருநகருக்கு அங்கிட்டு ஒரு பிளாட்டு இருக்காம். வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல ரெட்டிப்பாயிரும்.”

“பத்து வருஷமும் நம்ம எங்க குடியிருக்கிறது? பிளாட்டுல தார்ப்பாய் கட்டிக்கிட்டா?”

“வாடகைக்கு ஒரு வீடு பாத்துக்கிருவோம். எம்புட்டு ஆகப்போகுது?”

கைக்கு வருகிற காசு மட்டும்தான் அவருக்குக் காசு. கையை விட்டுப் போகாத காசு அவர் கண்ணுக்குப் படாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வருகிற காசுக்குச் சத்தம் உண்டு, போனில் டிங் என்று அடிக்கும். போகாத காசு ஒரு சத்தமும் போடாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நம்மைப் போலத்தான், என்று ஒருகணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன். சுயஇரக்கம் வந்தால் எனக்குக் கணக்கு ஓடாது.

அடுத்த மாதம் அவருக்குச் சம்பளம் வந்த அன்று போய்க் கையை நீட்டினேன்.

“என்ன?”

“வாடகை. ஒம்பதாயிரம். அடுத்த தெருவுல இதே மாதிரி மாடி வீட்டுக்கு அதுதான் போகுது.”

“யாருக்கு வாடகை?”

“எனக்குத்தான். என் காசுலதான நீங்க குடியிருக்கீங்க.”

சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார், சாயங்காலம் திரும்பி வந்துவிடும் என்று. நான் அதை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டு மறந்ததுபோல இருந்தேன். மாதம் பாதி தாண்டியதும் வண்டிக்குப் பெட்ரோல் போட ஐநூறு கேட்டு வந்து நின்றார்.

“குடித்தனக்காரங்களுக்குக் கடன் குடுக்கிற பழக்கம் இல்லீங்க.”

“மீனா, விளையாடாத.”

“விளையாடலை. எம்புட்டு ஆகப்போகுதுன்னு கேட்டீங்கள்ல. இம்புட்டு ஆகும்.”

மனுஷர் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். மாதம் ஒன்பதாயிரம் என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். ஆறு லட்சத்துக்கு அது எத்தனை வீதம் என்று அவர் உதடு முணுமுணுத்தது. எனக்கு விடை தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தானே கண்டுபிடித்ததைத்தான் ஆண்கள் நம்புவார்கள்.

“நூத்துக்குப் பதினெட்டு,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “பேங்க்ல போட்டா எம்புட்டு?”

“ஏழு.”

“அப்ப முத்திருளன் பிளாட்டு? ரெட்டிப்பாகும்ங்கிறானே.”

“பத்து வருஷத்துலதான? எழுபத்திரண்டைப் பத்தால வகுத்துப் பாருங்க. ஏழு சொச்சம் வரும். வருஷத்துக்கு அம்புட்டுத்தான் வளரும். ரெட்டிப்புன்னு சொன்னா பெரிசாத் தெரியுது.”

“எழுபத்திரண்டு எங்கிட்டிருந்து வந்துச்சு?”

“அது ஒரு குறுக்கு வழி. கடையில கூட்டம் இல்லாதப்ப போன்ல பாத்துப் படிச்சேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் பயமும் இருந்தன. இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. வாங்கிய வாடகையில் ஐநூறை மட்டும் பெட்ரோலுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு ஆபத்து தீர்ந்தது. ஆனால் தீர்த்த கையோடு இன்னொன்றையும் உண்டாக்கிவிட்டேன். மறுநாள் காலையில் லலிதாம்பாள் அக்கா கீழே இருந்து, “சும்மா இருக்கிறவங்களுக்குத்தான் தண்ணி நெறையச் செலவாகும் போல,” என்று யாரிடமோ சொன்னதும், இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“எங்க?”

“கீழ போய்ச் சொல்லிட்டு வாரேன். நாங்க ஒண்ணும் ஓசியில இல்லை, பதினெட்டு வட்டிக்கு இருக்கோம்னு.”

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். “சொன்னீங்கன்னா அந்தம்மாவும் கணக்குப் போடும். போட்டா, ஆறு லட்சத்தைக் கையில குடுத்து நம்மளக் கிளப்பிட்டு ஒம்பதாயிரத்துக்கு வேற ஆளை வைக்கும். உங்களுக்கு ரோஷம் வேணுமா, வீடு வேணுமா?”

“அதுக்காக ஓசின்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?”

“அந்தம்மா சொல்றது தப்புன்னா கேக்கலாம். நம்ம காசு பேங்க்ல இருந்தா மாசம் மூவாயிரத்தைநூறு வட்டி வரும். நம்ம இருக்கிறது ஒம்பதாயிரம் ரூபா வீடு. நடுவுல இருக்கிற ஐயாயிரத்தைநூறு ஓசிதான்.”

அன்றிலிருந்து அக்காவின் ஒவ்வொரு பேச்சுக்கும் நான் மனதுக்குள் விலை போட ஆரம்பித்தேன். மாதம் ஐயாயிரத்து ஐநூறு சம்பளத்துக்குப் பேச்சு வாங்குகிற வேலை. மாடிப்படி கூட்டவில்லை என்ற பேச்சுக்கு இருபத்தைந்து. தண்ணீர் மோட்டார் அடிக்கடி ஓடுகிறது என்ற பேச்சுக்கு ஐம்பது. எதிர்வீட்டு ஒச்சம்மாள் நிற்கும்போது சொன்னால் அதற்கு இரட்டிப்பு. ஒரு வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து பேச்சே இல்லாமல் போனபோது, செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்குவதுபோலக் கூச்சமாக இருந்தது. ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேச்சு எனக்கு வலிக்கவில்லை. வேறொன்று வலித்தது. அவரை நான் எவ்வளவு அழகாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடமே சொல்ல நாக்கு துடித்தது. ஏமாற்றுகிறவளுக்குப் பெரிய தண்டனை, தன் சாமர்த்தியத்துக்குச் சாட்சி இல்லாமல் போவதுதான் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒருவர்தான் சாட்சி, அவரும் முத்திருளனிடம் அதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்லியிருந்தார்.

சில சமயம், அக்கா தனியாக இருக்கும் பெண் என்ற நினைப்பும் வரும். சௌராஷ்டிரக் குடும்பம். மகால் பக்கம் சேலை வியாபாரம் செய்த கணவர் இறந்த பிறகு, அங்கிருந்த பழைய வீட்டின் பங்கை விற்று இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர். ஒரே மகன் உமேஷ் கல்யாணமாகிச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். படிக்கட்டின் அடியில் நின்று அவனோடு தங்கள் மொழியில் போனில் உரக்கப் பேசுவார். எங்களுக்குப் புரியாது என்பதால், நடு வாசலில் நின்றாலும் அவருக்கு அது பூட்டிய அறை மாதிரி. அந்த அறையின் ஜன்னலில் தலை நீட்டுவதுபோல ஒத்தி, வட்டி, மீனா என்று சில சொற்கள் மட்டும் வெளியே தெரியும்.

மாசி மாதம் அந்த மூன்று சொற்களும் அடிக்கடி தலை நீட்டின. அதன் பிறகு உமேஷே நேரில் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியோடு மேலே வந்தான். அவன் பின்னால் அக்கா, கையில் காபி டம்ளரோடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் சின்னவன், ஆனால் ஆன்ட்டி என்று கூப்பிடுவான். அதற்கும் ஒரு விலை போட்டு வைத்திருந்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. ஒரு கணக்கு போட்டேன். இந்த வீட்டுக்கு இப்ப வாடகை ஒம்பதாயிரம். நீங்க போட்ட ஆறு லட்சத்துக்கு அது வருஷத்துக்குப் பதினெட்டு பெர்சென்ட் ரிட்டர்ன். அம்மா அதே காசை டெபாசிட்ல போட்டு ஏழு பெர்சென்ட் எடுக்கிறாங்க. அம்மாவுக்குப் பதினொரு பெர்சென்ட் லாஸ்.”

என் அலமாரியை என் கண் முன்னாலேயே திறந்து துணியை எடுத்து மடிப்பதுபோல இருந்தது. ஒரு எண்கூடத் தப்பில்லை.

“அதை நாங்க எப்பவோ போட்டாச்சு தம்பி,” என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

நான் அவர் காலை மிதித்தேன். மிதித்துப் பிரயோசனமில்லை. சொல் வெளியே போய்விட்டது.

“அப்ப ஈசியாப் போச்சு, அங்கிள். பங்குனியில அம்மா ஆறு லட்சத்தையும் திருப்பிக் குடுத்துருவாங்க. அப்புறம் ஒம்பதாயிரம் வாடகைக்கு நீங்களே இருக்கிறதுன்னா இருங்க.”

அக்கா இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். மூன்று வருஷமாக ஓசி என்று சொன்ன வாய், இப்படி ஒரு சமயம் கிடைத்தால் விடாது. அக்காவோ காலி டம்ளரின் விளிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. கெட்ட எண்ணம் இல்லாமல் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

“எந்த பேங்க்ல போட்டிருக்கீங்க அக்கா? ஏழு குடுக்கிறது நல்ல பேங்க்தான்.”

“அது ஒரு பேங்க்,” என்றார். உமேஷ் திரும்பி அம்மாவைப் பார்த்தான். “மோட்டார் போட்டுட்டு வந்தேன். டேங்க் வழியும்,” என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கினார்.

மோட்டார் ஓடுகிற சத்தமே இல்லை. இவ்வளவு நாள் அந்தச் சத்தத்துக்குப் பேச்சு வாங்கியவளுக்கு அதுகூடத் தெரியாதா. “நான் போய்ப் பாத்துட்டு வாரேன்,” என்று நானும் இறங்கினேன்.

படிக்கட்டின் அடியில், மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். சுவிட்சைத் தொடவில்லை.

“பணம் இல்லியாக்கா?”

மேலே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “நீங்க குடுத்த அன்னைக்கே போயிருச்சு.”

“எங்க போச்சு?”

“உமேஷு கல்யாணத்துக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தேன். அவங்கப்பா சேத்து வச்ச காசுன்னு அவன்கிட்டச் சொன்னேன். சம்பந்தி வீட்டுக்கு முன்னாடி அவன் தலை குனியக் கூடாதுல்ல. உன் காசு வந்துச்சு, கொண்டு போய் அடைச்சேன். பேங்க்ல போட்டிருக்கேன்னு இவன்கிட்டச் சொல்லி வச்சேன். இப்ப திருப்பிக் குடுன்னா, மறுபடி அந்த ஆளுகிட்டத்தான் போய் நிக்கணும்.”

ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வருஷத்துக்கு நூற்றுக்கு இருபத்துநாலு. அவர் கண் கலங்கிக்கொண்டிருக்கும்போது என் மண்டைக்குள் கணக்கு ஓடியது, அதை நிறுத்த முடியவில்லை. ஆறு லட்சத்துக்கு மாதம் பன்னிரண்டாயிரம் வட்டி கட்டிக்கொண்டிருந்தவர். எங்களிடம் ஒன்பதாயிரம் வாடகையை விட்டுக்கொடுத்து, அந்தப் பன்னிரண்டாயிரத்தை நிறுத்தியிருக்கிறார். மாதம் மூவாயிரம் அவருக்கு லாபம். நான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த பெண், அவ்வளவு நாளும் என்னை வைத்துச் சம்பாதித்திருக்கிறார்.

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. என் சாமர்த்தியத்தில் பாதி காணாமல் போனமாதிரி.

“அப்புறம் எதுக்குக்கா எப்பப் பாத்தாலும் ஓசி ஓசின்னு சொன்னீங்க?”

“ஓசியில இருக்கோம்னு உனக்கு உறைச்சுக்கிட்டே இருந்தாத்தான போக மாட்ட. உன் காசு சும்மா கிடக்குதுன்னு ஒரு நாள் தோணிட்டா, குடுன்னு வந்து நிப்ப.”

“நானும் அதுக்குத்தான் வாயே திறக்கலை. உங்களுக்கு நட்டம்னு தோணிட்டா, கிளப்பிருவீங்கன்னு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

“அப்ப யாருக்குத்தான்டி நட்டம்?”

“வட்டிக்குக் குடுத்தவருக்கு.”

“ஆமா. கடைத்தெருவுல பாத்தா இன்னமும் கேக்குறாரு, என்னம்மா நம்ம பக்கமே வாரதில்லியேன்னு.”

மேலே உமேஷின் குரல் கேட்டது. அக்காவின் சிரிப்பு அணைந்தது. அவர் என் கையைப் பிடித்தார். அந்தக் கை என்னிடம் எதையாவது கேட்டது இதுதான் முதல் தடவை. அவருக்காகத்தான் சரி என்றேனா, பதினெட்டுக்காகவா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பிரித்து நிறுக்க என்னிடம் தராசு இல்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

“நான் பேசுறேன். நீங்க ஆமா மட்டும் சொல்லுங்க,” என்றேன்.

மேலே போனால், என் வீட்டுக்காரர் உமேஷுக்கு எழுபத்திரண்டின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அக்கா டெபாசிட்டை ஆறு வருஷத்துக்குப் போட்டிருக்காங்களாம். இப்ப பாதியில உடைச்சா வட்டியைக் குறைச்சிருவாங்க. அக்காவுக்குத்தான் நட்டம்.”

“ஆறு வருஷமா? ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?”

“ஆமா,” என்றார் அக்கா. அதோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன், நிறுத்தவில்லை. “நீ கேட்டியா? உனக்கு எப்பப் பாத்தாலும் ஆன்லைன்ல மீட்டிங்கு.”

“அதனால ஒத்தி இன்னும் மூணு வருஷம் அப்படியே இருக்கட்டும் தம்பி. நீங்க சொன்ன கணக்கும் நியாயம்தான். மேல மாசம் ஆயிரம் ரூபா வாடகையும் தாரோம்.”

“ரெண்டாயிரம், ஆன்ட்டி.”

“ஆயிரத்தைநூறு. ஆன்ட்டின்னு கூப்பிட்டதுக்கு ஐநூறு கழிச்சிட்டேன்.”

உமேஷ் சிரித்துவிட்டான். விசைப்பலகையைத் தட்டினான். அம்மாவுக்கு ஏழோடு மூன்று சேர்ந்து பத்து. எங்களுக்குப் பதினெட்டு குறைந்து பதினைந்து. ஆள் தேட வேண்டாம், வெள்ளையடிக்க வேண்டாம், வீடு காலியாகக் கிடக்காது. “நல்ல டீல்தான்மா,” என்றான். இல்லாத டெபாசிட்டுக்கு அவன் போட்ட கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் என் காதருகே வந்து, “எதுக்கு மீனா வலியப் போயி ஆயிரத்தைநூறு?” என்றார்.

“பேச்சு வாங்குறதுல இருந்து லீவு. அதுக்குச் சம்பளம் பிடிப்பாங்கள்ல.”

சாப்பாட்டு நேரம் கழிந்து கீழே இறங்கினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து, உமேஷ் சாயங்கால ரயிலுக்குக் கொண்டுபோக முறுக்கைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, குழாய் சொட்டுது.”

“வாடகையா குடு...” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். அக்கா முறுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வீட்டுக்குள் திரும்பித் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். மீனா, வாஷர், இரண்டு சொற்கள் மட்டும் ஜன்னலில் தலை நீட்டின.

கொஞ்ச நேரத்தில் உமேஷ் என் சமையலறையில் குழாய்க்கு முன்னால் குனிந்து நின்றான், கையில் ஸ்பேனரோடு. சட்டையில் பாதி நனைந்திருந்தது. எந்தப் பக்கம் திருகுவது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே இருந்து அக்காவின் குரல் வந்தது, ஒச்சம்மாள் வீடுவரைக்கும் கேட்கிற மாதிரி.

“டேய், பாத்துத் திருகு. ஆயிரத்தைநூறு வாடகை குடுக்கிற பெரிய மனுஷி வீட்டுக் குழாய்.”

டம்ளரைத் துடைத்தபடியே, இதற்கு எவ்வளவு போடலாம் என்று யோசித்தேன்.